அவலாஞ்சியா, லாங்வுட்டா, வெள்ளகவியா?

உடுமலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதுவே தலைவலியும். பழனி போய் மலை ஏறினால் கொடைக்கானல். கோவை, மேட்டுப்பாளையம் தாண்டி ஏறினால் நீலகிரி. விடியற்காலையில் கிளம்பினால் எதுவானாலும் மதியச் சாப்பாடு மேலேதான். அதனால் வருஷா வருஷம் பொங்கல் லீவு நெருங்கும்போது எங்கள் வீட்டில் ஒரே பஞ்சாயத்து: நடக்கப் போவது எந்த மலையில்?

இந்த முறை ஐந்து பேர். மாமாவுக்கு 58, இடது முட்டியில் தேய்மானம், அதை வாய்விட்டுச் சொன்னால் கோபம் வரும். அவர் மகன், என் மச்சான், ஷில்லாங்கில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். காலையில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் காபியையே தொடுவான். தங்கை, அவளுடைய 13 வயது மகள். அப்புறம் நான்: நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதிப்பவன், அட்டையைக் கண்டால் ஊரைக் கூட்டுபவன்.

சண்டை போட்டுக் கழித்ததில் மூன்று பாதைகள் மிஞ்சின. நீலகிரியில் அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டா சிகரம். அதே நீலகிரியில் கோத்தகிரி லாங்வுட் சோலை. பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமம். மூன்றிலும் நான் ஒரு முறையாவது நடந்திருக்கிறேன்.

எது அழகு என்று கேட்டால் விடியும் வரை பேசலாம், பதில் வராது. நான் கேட்பது இரண்டே கேள்வி. அந்த மாதத்தில் அந்த மலையில் எந்த மழை? மொத்தம் எவ்வளவு இறங்க வேண்டும்? கவனியுங்கள், ஏறுவதைக் கேட்கவில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போது முட்டி வலித்தால் உட்கார்ந்து பயனில்லை, ஊர் கீழேதான் இருக்கும்.

மச்சான் முதலில் கேட்டது வேறு. "அங்க குகை இருக்கா?" மேகாலயாவின் சுண்ணாம்புப் பாறைக் காடுகளில் சுற்றிப் பழகியவன். அங்கே மழைத்தண்ணீர் கல்லையே கரைத்து, பொந்து போட்டு உள்ளே இறங்கி, மலையைக் குகை குகையாகக் குடைந்துவிடும். மழைக்குப் பேர்போன சிரபுஞ்சியிலேயே மழை நின்ற மாதங்களில் ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறானாம். மேலே விழுந்த தண்ணீர் மேலே நிற்பதில்லை.

நம் மலை வேறு ஜாதி. நீலகிரியும் பழனியும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை, அவர் பெயரே பாறைக்கும் வந்துவிட்டது. இது தண்ணீரில் கரையாது. காலகாலமாக ஊறி, மக்கி, மேலே கனத்த மண்ணாகும். அந்த மண்ணைச் சோலைக்காடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெய்த மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி, மாதக்கணக்கில் ஓடையாக ஒழுக விடும். கொடைக்கானலின் குணா குகைகூட அந்த அர்த்தத்தில் குகை இல்லை. பெரும்பாறைகளுக்கு நடுவே விழுந்த ஆழமான இடுக்கு.

நடப்பவனுக்கு இதில் தெரிய வேண்டியது, நனைந்த பாசிப்பாறையும் நனைந்த செம்மண்ணும் சோப்பு போல வழுக்கும் என்பது. மழையில் அரித்த சுண்ணாம்புப் பாறை சொரசொரவென்று ஷூவைப் பிடித்துக்கொள்ளும் என்பான் மச்சான். அந்த நம்பிக்கையோடு போன வருஷம் கோத்தகிரியில் ஓர் ஓடையைத் தாண்டியவன், தாண்டாமல் அதிலேயே உட்கார்ந்தான். நம் ஊர் நடைக்குச் சுண்ணாம்பு வேண்டுமென்றால் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போவதுதான். கடித்த அட்டையின் மேல் விரல் நுனியால் ஒரு தீற்று தீற்றினால் சுருண்டு விழும்.

சரி, மழைக்கு வருவோம். நிறையப் பேர் 'மலைப்பிரதேசம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். அவலாஞ்சி நீலகிரியின் மேற்கு விளிம்பு; தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் இடம். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. உடுமலையில் வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு தேறுமா என்பது சந்தேகம். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். கோத்தகிரியும் கொடைக்கானலும் கிழக்கே பார்த்தவை. அவற்றுக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைதான் கனமழை. தீபாவளி சமயத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது என்று செய்தி வருவது அதனால்தான். ஜனவரி நடுவில் இரண்டு மழையும் ஓய்ந்திருக்கும், காடு இன்னும் காய்ந்திருக்காது. பொங்கல் லீவு நடைக்கென்றே அமைந்த லீவு. ஊருக்கே அது தெரிந்திருப்பதுதான் ஒரே குறை.

அவலாஞ்சியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மனசு அங்கேதான் இழுக்கிறது. அவலாஞ்சி என்ற பெயரே 1800களின் தொடக்கத்தில் அங்கே நடந்த பெரும் நிலச்சரிவால் வந்தது. கோலரிபெட்டா ஏறத்தாழ 2,630 மீட்டர்; தொட்டபெட்டாவின் 2,637-க்குச் சில மீட்டர்தான் குறைவு. ஆனால் தொட்டபெட்டாவில் சிகரம் வரை காரும் சோளம் சுடும் அடுப்பும் வந்துவிடும், இங்கே புல்லும் காற்றும்தான். மலை முகடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் கருப்பச்சையாகச் சோலை. பச்சை வேட்டியை யாரோ மடித்து, மடிப்புக்குள் மையைக் கொட்டிய மாதிரி. மரம் ஏன் மடிப்பை விட்டு வெளியே வரவில்லை என்று தங்கை மகள் நிச்சயம் கேட்பாள். உறைபனி ஒரு முக்கியக் காரணம்: திறந்த வெளியில் முளைக்கும் சோலைக் கன்றுகள் ஜனவரி இரவுகளில் கருகிப்போகின்றன, புல் தாக்குப்பிடிக்கிறது.

அதே உறைபனிதான் எங்களுக்கும் சிக்கல். விடிகாலையில் புல்நுனியெல்லாம் வெள்ளை, பத்து மணிக்கு மேல் தலையைப் பிளக்கும் வெயில், நிழலுக்கு ஒதுங்க மரம் இல்லை. நான் அங்கே போனபோது கையுறை இல்லாமல் போய், கட்டியிருந்த பொட்டலத்தைப் பிரிக்க விரல் மடங்காமல் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தேன். எலுமிச்சைச் சாதம் ஐஸ் பெட்டியில் வைத்தது போல இருந்தது. அதற்குக் கைமாறாக, எதிர் முகட்டில் வரையாடுகள். பதினோரு உருப்படி எண்ணினேன். முதலில் பாறை என்று நினைத்தேன், பாறை நகர்ந்தது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு; 2024 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதற்கும் 1,031 தான். அதில் பதினொன்றை ஒரே பார்வையில் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மாமாவை அங்கே கூட்டிப்போக முடியாது. ஒரு பகல் முழுக்க ஏறி இறங்கும் வேலை, இடையில் முடியவில்லை என்றால் திரும்பி நடப்பதைத் தவிர வழி கிடையாது. முந்தைய இரவு ஊட்டியில் தங்கவும் வேண்டும். பொங்கல் வாரத்து ஊட்டி அறை வாடகையைச் சொன்னால் நடக்காமலேயே மூச்சு வாங்கும். மச்சானும் அவனைப் போன்ற இரண்டு பேரும் போக வேண்டிய பாதை அது.

லாங்வுட் இதற்கு நேர் எதிர். கோத்தகிரி ஊரை ஒட்டியே 116 ஹெக்டேர் சோலை. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், வீடுகள், பஸ் ஹாரன். நடுவில் மட்டும் பழைய காடு கைப்பிடி அளவு தப்பிப் பிழைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். ஏரிக்கும் சதுப்புக்கும் கொடுக்கும் அந்தஸ்து காட்டுக்கு எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. உள்ளே பத்து நிமிஷம் நடந்தால் புரிந்துவிடும். தரை முழுக்க ஈரம், இலைக்குப்பைக்கு அடியில் எங்கோ தண்ணீர் நழுவும் சத்தம், மரத்தின் பட்டையே தெரியாதபடி பாசி. கீழே உள்ள ஊர்களின் குடிதண்ணீர் இங்கிருந்துதான் கிளம்புகிறது. முன்னால் சொன்ன பஞ்சைக் கையால் பிழிந்து பார்ப்பது போல இருக்கும்.

ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மாமா கைத்தடியோடு நிதானமாக நடக்கலாம். சிறுமிக்கு மலை அணில் காட்டலாம்; பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால், மேலே கிளை உடையும் சத்தம் கேட்டால் குரங்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காட்டுமாடு உண்டு, அதற்கு மட்டும் மரியாதை கொடுத்து ஒதுங்க வேண்டும். கரடியும் இந்தப் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே வந்து போகிறது, அதனால் இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுவது நல்லது.

குறை என்னவென்றால், மச்சான் மாதிரி ஆட்களுக்கு இது பசிக்கு முறுக்கு. அரை நாளில் முடிந்துவிடும். மீதி நாளுக்குக் கோடநாடு காட்சி முனையிலிருந்து ரங்கசாமி சிகரத்தைப் பார்க்கலாம். இருளர்களுக்கு அது கோயில் மலை. கரிக்கையூர் வழியாக அதன் மேலேறும் பாதையும் இருக்கிறது, ஆனால் அது அடிவாரத்து வெக்கை, யானை நடமாடும் இடம். நான் போனதில்லை, ஆகவே அதற்கு மதிப்பெண் போட மாட்டேன்.

இனி வெள்ளகவி. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டும் காட்டைப் பார்க்கப் போகும் பாதைகள். இது ஜனங்கள் பிழைப்புக்காக நடந்த பாதை. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே போகச் சாலை கிடையாது. பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, மட்டக்குதிரையிலோ, நாற்காலியில் உட்கார்ந்து நாலு பேர் தோளிலோதான் போக வேண்டும். வண்டிச் சாலை வந்தது 1910களில். வெள்ளகவிக்காரர்கள் தங்கள் ஊர் கொடைக்கானலைவிடப் பழையது என்பார்கள். காப்பி, மிளகு, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் அந்தப் பாதையில்தான் குதிரை முதுகில் போய் வந்தன. உப்பும் மண்ணெண்ணெயும் அப்படித்தான் ஊருக்குள் வந்தன.

வட்டக்கானலில் தொடங்கும் முதல் அரை மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். டால்பின் நோஸ் காட்சி முனை வரை ஆம்லெட் கடை, மேகி கடை, செல்ஃபி எடுப்பவர்கள். அதைத் தாண்டியதும் ஒரே ஆளாக நிற்பீர்கள். வேர்கள் படிக்கட்டாகப் பின்னிய சரிவு, அப்புறம் கல், அப்புறம் காப்பிச் செடிகள். காற்றின் குளிர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சட்டை கழற்றும்.

நாங்கள் போன அன்று, பாதி வழியில் என் வலது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்து வாயைத் திறந்தது. கடையில் 'ட்ரெக்கிங்குக்குன்னே செஞ்சது சார்' என்று கையில் திணித்த ஷூ, மூன்றாவது பயன்பாடு. ஒவ்வொரு அடிக்கும் பட், பட் என்று அது தாளம் போட, மச்சான் சிரித்துச் சிரித்தே இரண்டு முறை வழுக்கினான். ஊர் எல்லைக்கு வந்தபோது வழிகாட்டி திரும்பிப் பார்த்து, "செருப்பக் கழட்டிருங்க சார், ஊருக்குள்ள போட்டு நடக்கறதில்ல" என்றார். அடிக்கு ஒரு கோயில் இருக்கும் ஊர். மண்ணே சாமி என்பது அவர்கள் கணக்கு. என் ஷூவுக்கு மட்டும் அது முன்பே தெரிந்திருந்தது போல.

கையில் ஷூவோடு நின்ற என்னைப் பார்த்து, திண்ணையில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கோணி ஊசியும் சணலும் எடுத்து வந்தார். ஷூவை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மூட்டை தைப்பது போலவே ஏழெட்டுத் தையல். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. காப்பித்தூள் வேண்டுமா என்று கேட்டார், அரைக் கிலோ வாங்கினேன். அந்தத் தையல் இன்னும் விடவில்லை. கடைக்காரரிடம் அதைக் காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை இருக்கிறது.

இப்போது கணக்கு. வெள்ளகவி வரை இறங்கினால் திரும்ப ஏறியாக வேண்டும், மூச்சுக்குச் சோதனை. எங்களுக்குக் கீழே போக அனுமதி கிடைத்ததால் கும்பக்கரை அருவி வரை இறங்கிவிட்டோம். வட்டக்கானலிலிருந்து கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். ஒரே நாளில் உறைபனிக் குளிரிலிருந்து மாந்தோப்பு வெயிலுக்கு வந்துவிடலாம், அந்தச் சுகத்துக்கு ஈடில்லை. ஆனால் அடுத்த மூன்று நாள் வீட்டு மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். இரண்டு கால் கட்டைவிரல் நகமும் கறுத்து, மாசியில் உதிர்ந்தன. இறங்கும்போது விரல் ஷூ நுனியில் போய்ப் போய் இடித்ததன் பலன். இதில் மாமாவின் முட்டி என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாலாவதாகத் தங்கை பூம்பாறையைச் சொன்னாள். அது தார்ச்சாலை நடை. அடுக்கடுக்காகப் பூண்டு வயல், குழந்தை வேலப்பர் கோயில், முடித்துக்கொண்டு மன்னவனூர் போனால் ஆட்டுப்பண்ணை, புல்வெளி. அனுமதி, வழிகாட்டி என்ற பேச்சே இல்லை. புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு இரண்டு கிலோ வாங்கி வரலாம். நல்ல பிக்னிக். நடை என்ற பட்டியலில் நான் வைக்க மாட்டேன்.

அனுமதி விஷயத்தில் மட்டும் யாரோடும் சமரசம் வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதே வருஷம் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வனத்துறை திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். பல இடங்களில் அவர் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞராக இருப்பார். நான் பேசும் மூன்று பாதைகளும் அதில் வந்தவையே. கட்டணம் பாதைக்குப் பாதை மாறும், சிறுவர்களுக்கு வயது நிபந்தனை இருக்கும், தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள். கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போனால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை.

எங்களுக்கும் ஒருமுறை சபலம் வந்தது. தங்கியிருந்த வீட்டு உரிமையாளர், "ஆபீஸ்ல எதுக்கு சார் அலையறீங்க, பின்னாடி வழியா நம்ம பையன் கூட்டிப்போவான்" என்றார், பாதிக் காசுக்கு. மச்சான் ரெடி. மாமாதான், "பையன் தீயையும் பின்னாடி வழியா அனுப்பிருவானா?" என்று கேட்டு முடித்து வைத்தார்.

ஆக, எங்கள் முடிவு. ஐந்து பேரும் சேர்ந்து போவது கோத்தகிரி. போகிப்பண்டிகை அன்றே கிளம்பி, ஒரு நாள் லாங்வுட், மறுநாள் கோடநாடு. உங்கள் வீட்டிலும் முட்டி வலிக்காரரோ பள்ளிக்கூடப் பிள்ளையோ இருந்தால் யோசிக்காமல் இதையே எடுங்கள். எல்லாரும் நாற்பதுக்குள், வாரத்தில் நாலு நாள் ஓடுபவர்கள் என்றால் அவலாஞ்சி. குளிருக்குக் கையுறை, வெயிலுக்குத் தொப்பி, இரண்டும் ஒரே நாளில் வேண்டும். ஒரே ஒரு முறைதான் போக வாய்க்கும், முட்டியும் ஒத்துழைக்கும் என்றால் என் ஓட்டு வெள்ளகவிக்கு. வரையாட்டுக்கு மேல் ஒரு கோணி ஊசியை வைப்பதா என்று மச்சான் கேலி செய்கிறான். வைக்கிறேன்.

பிப்ரவரியில் பாதைகள் மூடுவதற்குள் நானும் அவனும் மட்டும் வெள்ளகவிக்கு இன்னொரு முறை போவதாக ஏற்பாடு. இது காதில் விழுந்ததும் மாமா தானும் வருவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்றால் இரண்டு நாள் பேசமாட்டார். வெள்ளகவி வரை இறங்கி, ஓர் இரவு நின்று, மறுநாள் மெதுவாக ஏறலாமா, அதற்கு அனுமதி கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கும்பக்கரைப் பேச்சை மட்டும் அவர் முன்னால் எடுப்பதில்லை. எதற்கும் கால் நகத்தை ஒட்ட வெட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன், காரணம் சொல்லாமல்.